மஞ்சளில் இருப்பது மூளைக்குப் போய்ச் சேருமா?

ஈரோடு மாவட்டத்தில் ஒரு கிராமத்தில், மஞ்சள் அறுவடைக்குப் பிந்தைய நேர்த்தி பற்றிய பயிற்சி முடிந்து கிளம்பிக்கொண்டிருந்தேன். அறுபது வயதைத் தாண்டிய விவசாயி ஒருவர் கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுடன் வந்தார். அவருடைய மகன் சில மாதங்களுக்கு முன் இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவர். உயிர் பிழைத்துவிட்டார். ஆனால், மறதியும் தலைவலியும் விடவில்லை. வலிப்பு வராமலிருக்க டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். டப்பாவில் இருந்தது மஞ்சளின் குர்குமினும் மிளகுச் சாறும் சேர்ந்த மாத்திரை. மூளை நரம்புக்கு நல்லது என்று யாரோ சொல்லி, நல்ல விலை கொடுத்து வாங்கியிருக்கிறார்.

“ஏனுங்க சார், நம்ம காட்டு மஞ்சள்லதான் இந்தச் சத்து இருக்குதுங்களே. அப்புறம் எதுக்குங்க டப்பாவுல காசு குடுத்து வாங்கோணும்? இதைத் தின்னா மூளைக்குப் போகுதுங்களா?” என்று கேட்டார்.

நான் மருத்துவன் அல்ல, உழவியல் படித்தவன். மருந்து விஷயத்தை டாக்டரிடம் காட்டச் சொன்னேன். ஆனாலும் அவருடைய இரண்டாவது கேள்வி, உலகம் முழுவதும் பல ஆய்வகங்கள் பதில் தேடிக்கொண்டிருக்கும் கேள்வி. மஞ்சள் பயிரிடும் நமக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். அவருக்கு அன்று சுருக்கமாகச் சொன்னதை இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

இருப்பு வேறு, கிடைப்பு வேறு

மண் பரிசோதனை அறிக்கையில் ‘கிடைக்கும் மணிச்சத்து’ என்று ஒரு வரி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மண்ணில் உள்ள மொத்த மணிச்சத்து மிக அதிகம். ஆனால், சுண்ணாம்பு மண்ணில் அது கால்சியத்துடனும், செம்மண்ணில் இரும்புடனும் பிணைந்து கிடக்கும். நீரில் கரைந்து வேருக்குக் கிடைப்பது அதில் சொற்பம்தான். அதனால்தான் கரையாத மணிச்சத்தைக் கரைத்துக் கொடுக்கும் பாஸ்போபாக்டீரியாவை இடச் சொல்கிறோம்.

குர்குமினும் இப்படித்தான். மஞ்சளுக்கு நிறம் கொடுக்கும் இந்தப் பொருள், காய்ந்த மஞ்சளில் பொதுவாக 2 முதல் 6 சதவீதம் வரை இருக்கும். மேகாலயாவின் லகடாங் மஞ்சளில் 7 சதவீதத்தையும் தாண்டும். 1815-லேயே இதை மஞ்சளிலிருந்து பிரித்துவிட்டார்கள். 1910-ல் இதன் வேதி அமைப்பும் தெரிந்துவிட்டது. சிக்கல் அதன் கரைதிறனில் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மில்லிகிராம் குர்குமின்கூட முழுதாகக் கரையாது. மஞ்சள் தண்ணீர் மஞ்சளாகத் தெரிவது பெரும்பாலும் கரைந்ததால் அல்ல, நுண்துகள்கள் மிதப்பதால். சற்று நேரம் அசையாமல் வைத்தால் அடியில் படிந்துவிடும்.

சாப்பிட்ட குர்குமின் மூளையை எட்ட நான்கு தடைகளைத் தாண்ட வேண்டும். முதலாவது, கரையாதது குடலில் உறிஞ்சப்படாது. பெரும்பகுதி மலத்தோடு போய்விடும். இரண்டாவது, உறிஞ்சப்படும் கொஞ்சத்தையும் குடல் சுவரும் கல்லீரலும் வேறு பொருளாக மாற்றி வெளியேற்றிவிடும். மூன்றாவது, ரத்தத்தை ஒத்த கார அமில நிலையில் உள்ள கரைசலில், உடல் வெப்பத்தில், குர்குமினின் 90 சதவீதம் அரை மணி நேரத்தில் சிதைந்துவிடுவதை ஆய்வகச் சோதனை காட்டியது. நான்காவது, மூளையின் ரத்தக் குழாய்களில் உள்ள செல்கள் இடைவெளி இல்லாமல் நெருக்கமாக ஒட்டி நின்று, ரத்தத்தில் வரும் பெரும்பாலான பொருள்களை உள்ளே விடாது. இதை ரத்த-மூளைத் தடுப்பு என்கிறார்கள்.

அடிபட்ட மூளையில் என்ன நடக்கிறது?

தலையில் அடிபடும் நொடியில் ஏற்படும் சேதம் முதல் சேதம். அதை எந்த மருந்தாலும் திருப்ப முடியாது. அதன் பிறகு மணிக்கணக்கில், நாள்கணக்கில் தொடர்வது இரண்டாம் சேதம். மூளை வீங்கும். அழற்சி பரவும். கட்டற்ற மூலக்கூறுகள் பெருகி, அடிபடாத செல்களையும் அரிக்கும். ஆய்வாளர்கள் தடுக்க நினைப்பது இந்த இரண்டாம் சேதத்தைத்தான். அழற்சியைக் குறைக்கும் தன்மை கொண்ட தாவரப் பொருள்களின் மேல் கவனம் திரும்பியது இதனால்தான். குர்குமின் அவற்றில் முக்கியமானது.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நான்கு வாரம் குர்குமின் கலந்த தீவனம் தின்ற எலிகளுக்குத் தலையில் லேசான காயம் ஏற்படுத்தியபோது, மூளையில் சேதமும் கற்கும் திறனில் இழப்பும் குறைவாக இருந்தன. இதைத்தான் மாத்திரை விற்பவர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த எலிகள் காயம் படுவதற்கு முன்பே நான்கு வாரம் குர்குமின் தின்றவை என்பதைச் சொல்வதில்லை. விபத்து நமக்கு நான்கு வாரம் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவதில்லை.

வேப்பெண்ணெயில் சோப்பு கலப்பதுபோல

கரையாத பொருளை உரிய இடத்துக்குக் கொண்டுசேர்க்கும் வேலை விவசாயிகளுக்குப் புதிதல்ல. 3 சதவீத வேப்பெண்ணெய்க் கரைசல் தயாரிக்க, 1 லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி எண்ணெய் எடுக்கிறோம். அப்படியே ஊற்றினால் எண்ணெய் மேலே மிதக்கும். ஒரு செடிக்கு எண்ணெயும் மறு செடிக்கு வெறும் தண்ணீரும்தான் போகும். காதி சோப்புக் கரைசல் சேர்த்துக் கலக்கினால் பால் போலாகிறது. சோப்பு எண்ணெயைச் சிறு துளிகளாக உடைத்துத் தண்ணீரில் தாங்கி நிற்கிறது. மெழுகுப் பூச்சுள்ள இலையில் ஒட்டவும் செய்கிறது.

மருந்தியல் ஆய்வகங்களில் செய்வதும் இதே தத்துவம்தான், இன்னும் நுணுக்கமாக.

நனையும் தூள் பூச்சிமருந்தைப் போல, குர்குமினை மிக நுண்ணியதாக அரைப்பது ஒரு வழி. துகள் சிறுத்தால் தண்ணீர் தொடும் பரப்பு கூடும், கரைதலும் கூடும். இரண்டாவது வழி, எண்ணெயில் கரைத்து, வயிற்றுக்குள் போனதும் தானாகப் பால்மமாகும்படி செய்வது. நாம் தண்ணீரில் ஊற்றியதும் வெள்ளையாகும் இ.சி. வகைப் பூச்சிமருந்துகளின் வேலையும் இதுவே. மூன்றாவது, செல்களின் சவ்வில் உள்ளதைப் போன்ற கொழுப்பால் சிறு உருண்டைகள் செய்து, அதற்குள் மருந்தைப் பொதிவது. இதை லிப்போசோம் என்கிறார்கள். நான்காவது, மாவுச்சத்திலிருந்து கிடைக்கும் சைக்ளோடெக்ஸ்ட்ரின். இந்த வளைய மூலக்கூறின் உட்புறம் எண்ணெய்த் தன்மையையும், வெளிப்புறம் நீரையும் விரும்பும். கரையாத பொருள் வளையத்துக்குள் உட்கார, மொத்தமும் தண்ணீரில் கரையும்.

மூளைத் தடுப்பைத் தாண்ட இதற்கும் மேல் ஒரு தந்திரம் வேண்டும். நானோ துகள்களின் மேல் பாலிசார்பேட் 80 என்ற பொருளைப் பூசுகிறார்கள். நுண்ணுயிர்ப் பூச்சிக்கொல்லி தெளிக்கும்போது துகள்கள் பரவ நாம் சேர்க்கும் ட்வீன் 80 இதேதான். இதைப் பூசிய துகள்களில் ரத்தத்திலுள்ள ஒருவகைக் கொழுப்புப் புரதம் வந்து ஒட்டிக்கொள்கிறது. மூளைக் குழாயின் செல்கள் அதைத் தங்களுக்கு வரும் வழக்கமான கொழுப்புச் சரக்கு என்று எண்ணி உள்ளே இழுத்துக்கொள்கின்றன. மூக்கின் வாசனை நரம்பு வழியாக மூளைக்கு மருந்தை அனுப்பவும் விலங்குகளில் முயன்றுவருகிறார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் மஞ்சளை மூக்கில் விட வேண்டாம். ஆய்வகத்தில் பயன்படுத்துவது கிருமி நீக்கிய, அளவு தெரிந்த மருந்து.

அடிபட்ட மூளையில் இன்னொரு விஷயமும் உண்டு. காயத்துக்குப் பின் சிறிது காலம் அந்தத் தடுப்பு தானே கசியும். வீக்கத்துக்கு அதுவும் காரணம். அந்த நேரத்தைப் பயன்படுத்தித் துகள்களை உள்ளே அனுப்ப முடியுமா என்றும் பார்க்கிறார்கள். மதகு திறந்திருக்கும்போதே தண்ணீரைத் திருப்பிவிடும் முயற்சி இது.

மிளகு என்ன செய்கிறது?

மஞ்சளோடு மிளகு சேர்க்கும் நம் பழக்கத்துக்கு அறிவியல் காரணம் உண்டு. 1998-ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், மனிதர்களுக்கு 2 கிராம் குர்குமினை மட்டும் கொடுத்தபோது ரத்தத்தில் அது தென்படவில்லை, அல்லது மிகக் குறைவாகவே தெரிந்தது. அதனுடன் மிளகிலுள்ள பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது ரத்தத்தில் கிடைக்கும் அளவு 2,000 சதவீதம் உயர்ந்தது.

இந்த எண்ணைக் கேட்டதும் மயங்கிவிடக் கூடாது. ஒன்றுமில்லாததற்கு அருகிலிருந்து இருபது மடங்கு உயர்ந்தாலும் அது சிறிய அளவே. 2 கிராம் குர்குமின் என்பது எவ்வளவு மஞ்சள் என்றும் கணக்குப் பாருங்கள். 3 சதவீதக் குர்குமின் உள்ள தூளில் சுமார் 66 கிராம் எடுக்க வேண்டும். நாம் பாலில் போடும் ஒரு தேக்கரண்டி, ஏறக்குறைய 3 கிராமில், 90 மில்லிகிராம்தான் இருக்கும். மஞ்சள் பால் நல்ல உணவுதான், ஆனால் தலைக்காயத்துக்கு மருந்து அல்ல.

பைப்பரின் எப்படி வேலை செய்கிறது என்பது இதைவிட முக்கியம். கல்லீரல் குர்குமினை மாற்றி வெளியேற்றும் வேலையை அது மட்டுப்படுத்துகிறது. கல்லீரல் அந்த வேலையைக் குர்குமினுக்கு மட்டும் செய்யவில்லை. நாம் சாப்பிடும் மாத்திரைகளுக்கும் செய்கிறது. தலைக்காயம் பட்டவர்களுக்கு வலிப்பைத் தடுக்கத் தரப்படும் ஃபெனிடோயின் மாத்திரையின் அளவு, பைப்பரின் சேர்ந்தால் ரத்தத்தில் கூடுவது இந்தியாவில் நடந்த மனித ஆய்வுகளிலேயே தெரியவந்திருக்கிறது. ஃபெனிடோயின் அளவு மிகையானால் தள்ளாட்டம், மயக்கம், பேச்சுக் குழறல் வரும். அந்த விவசாயியின் டப்பாவைப் பார்த்ததும் எனக்குக் கவலை வந்தது இதனால்தான். ரசத்தில் போடும் மிளகைப் பற்றிப் பயம் வேண்டாம். செறிவூட்டிய சாறு மாத்திரையாகத் தினமும் போவது வேறு கதை.

எதுவரை வந்திருக்கிறது?

மூளைக் காயத்துக்குக் குர்குமின் அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை அல்ல. எலிகளில் நடந்த ஆய்வுகள் நிறைய உண்டு. மனிதர்களில் நடந்தவை சிலவே, அவையும் சிறியவை. மூளை தொடர்பான மற்ற நோய்களில் கிடைத்த முடிவுகள் கலவையானவை. 2012-ல் வெளியான அல்சைமர் நோய் ஆய்வில், நாளொன்றுக்கு 2 அல்லது 4 கிராம் வீதம் 24 வாரம் சாதாரணக் குர்குமின் கொடுத்தும் பலன் இல்லை. ரத்தத்தில் போதிய அளவு சேரவே இல்லை. 2018-ல் வெளியான மற்றோர் ஆய்வில், நன்றாக உறிஞ்சப்படும்படி மாற்றிய குர்குமினை வெறும் 90 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இரண்டு வேளை 18 மாதம் கொடுத்தபோது நினைவாற்றல் மேம்பட்டது. ஆனால், அதில் பங்கேற்றவர்கள் 40 பேர்தான். அவர்களும் தலையில் அடிபட்டவர்கள் அல்ல.

எலிக்கும் மனிதனுக்கும் உள்ள தூரத்தைப் புரிந்துகொள்ள புரொஜெஸ்டிரோன் நல்ல உதாரணம். மெக்சிகோவின் காட்டு வள்ளிக்கிழங்கிலிருந்து எடுத்த மூலப்பொருளைக் கொண்டு 1940-களில் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கிய ஹார்மோன் இது. இதுவும் தண்ணீரில் கரையாது. விலங்கு ஆய்வுகளில் மூளைக் காயத்துக்கு நல்ல பலன் தந்தது. கொழுப்புப் பால்மத்தில் கலந்து ரத்தக்குழாய் வழியாகச் செலுத்தவும் வழி கண்டார்கள். 2014-ல் இரண்டு பெரிய ஆய்வுகள் வெளியாயின. ஒன்றில் 882 பேர், மற்றொன்றில் 1,195 பேர். இரண்டிலும் நோயாளிகளுக்குப் பலன் இல்லை. கொண்டுசேர்ப்பது பாதி வேலைதான். சேர்ந்த பொருள் அங்கே குணமும் தர வேண்டும்.

வெற்றிக் கதையும் உண்டு. நம் மரிக்கொழுந்தின் உறவுச் செடியான ஆர்ட்டிமீசியா அன்னுவாவிலிருந்து எடுக்கும் ஆர்ட்டிமிசினின் தண்ணீரில் கரையாது. அதை வேதி மாற்றம் செய்து, ஊசி மூலம் செலுத்தக்கூடிய ஆர்ட்டிசுனேட் ஆக்கினார்கள். 2005-ல் வங்கதேசம், இந்தியா, இந்தோனேசியா, மியான்மர் நாடுகளில் 1,461 பேரிடம் நடந்த ஆய்வில், கடும் மலேரியாவில் குவினைன் பெற்றவர்களில் 22 சதவீதம் பேர் இறந்தார்கள். ஆர்ட்டிசுனேட் பெற்றவர்களில் 15 சதவீதம் பேர். மூளையைத் தாக்கும் மலேரியாவுக்கும் இன்று இதுதான் முதல் மருந்து.

இந்தக் கதையில் விவசாயிக்கு இன்னொரு பாடமும் இருக்கிறது. இந்த மருந்துக்குத் தேவை கூடியபோது, 2004, 2005-ல் ஆர்ட்டிமிசினின் விலை கிடுகிடுவென ஏறியது. சீனா, வியட்நாம், கிழக்கு ஆப்பிரிக்கா எனப் பல இடங்களில் விவசாயிகள் அச்செடிக்குத் தாவினார்கள். இரண்டு, மூன்று ஆண்டுகளில் விலை சரிந்தது, பலர் கைவிட்டார்கள். மருந்தாகப் பயன்படுகிறது என்ற செய்தியை மட்டும் நம்பிப் பரப்பைக் கூட்டக் கூடாது.

மஞ்சள் விவசாயி செய்ய வேண்டியவை

மருந்து வரும்போது வரட்டும். குர்குமின் எடுக்கும் தொழிற்சாலைகள் இப்போதே வாங்குகின்றன. அவற்றுக்கு விற்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை இவை.

1. ரகம்: கோழிக்கோட்டிலுள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனத்தின் பிரதிபா ரகத்தில் 6 சதவீதத்துக்கு மேலும், 180 நாளில் அறுவடைக்கு வரும் பிரகதி ரகத்தில் சுமார் 5 சதவீதமும் குர்குமின் உண்டு. இது மண், பருவம், முதிர்ச்சியைப் பொறுத்து மாறும். முதலில் சிறு பரப்பில் போட்டு, உங்கள் வயல் மஞ்சளையே பரிசோதித்துப் பாருங்கள்.

2. கணக்கு: ஏக்கருக்கு 20 குவிண்டால் காய்ந்த மஞ்சள், 3 சதவீதம் என்றால் 60 கிலோ குர்குமின். 15 குவிண்டால், 5 சதவீதம் என்றால் 75 கிலோ. ஆனால், குர்குமின் அளவுக்கு விலை தரும் வியாபாரி இருந்தால்தான் இரண்டாவது லாபம். விரலியின் நீளம், நிறம், பருமன் பார்த்து விலை வைக்கும் ஏலத்தில் அது நஷ்டமாகவும் முடியலாம். விலை எதை வைத்து என்பதை நடவுக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள்.

3. நேர்த்தி: முற்றாத மஞ்சளைத் தோண்ட வேண்டாம். தோண்டிய இரண்டு, மூன்று நாளில் வேகவையுங்கள். நுரை பொங்கி, மஞ்சளுக்கே உரிய மணத்துடன் வெண்புகை வரும்வரை, 45 முதல் 60 நிமிடம் போதும். அதிகம் வெந்தால் நிறம் கெடும். 5 முதல் 7 செ.மீ. கனத்தில் பரப்பி 10 முதல் 15 நாள் உலர்த்துங்கள்; இரவில் குவித்து மூடுங்கள். குர்குமின் வெளிச்சத்தில் சிதையும் பொருள். உலர்ந்த பின் வெயிலில் கிடத்தாமல் இருட்டான, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள்.

4. எச்சம்: குர்குமினைத் தண்ணீரால் எடுக்க முடியாது, கரைப்பான்களைக் கொண்டே எடுக்கிறார்கள். எண்ணெய்த் தன்மையுள்ள பூச்சிமருந்து எச்சமும் அதே கரைப்பானில் கரைந்து கூடவே வரும். மருந்து தெளித்த பின் காத்திருக்க வேண்டிய நாள்களைக் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள்.

5. பாலிஷ்: நிறத்துக்காகக் காரீய குரோமேட் சேர்ப்பவர்களை அண்ட விடாதீர்கள். உணவுப் பாதுகாப்பு விதிப்படி இது குற்றம். காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. வங்கதேசத்தில் 2019-ல் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் காரீயம் இருந்தது. அரசு சோதனைகளும் அபராதமும் விழிப்புணர்வும் சேர்ந்து 2021-ல் அதைப் பூஜ்யமாக்கின. மூளைக்கு மருந்து ஆகுமா என்று உலகம் தேடும் பொருளை, மூளைக்கு நஞ்சாக்கி விற்கும் பாவம் நமக்கு வேண்டாம்.

வீட்டில் தலைக்காயம் என்றால்

கிராமத்தில் தென்னை மரத்திலிருந்து, டிராக்டரிலிருந்து, வண்டியிலிருந்து விழுபவர்கள் அதிகம். விழுந்தவர் எழுந்து நடந்தாலும், வாந்தி, தூக்க மயக்கம், குழப்பம், வலிப்பு, காதிலோ மூக்கிலோ கசிவு என எது இருந்தாலும் 108-ஐ அழையுங்கள். மயங்கியவர் வாயில் பாலோ தண்ணீரோ மஞ்சளோ ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். ரத்தக் கசிவைக் கட்டுப்படுத்தும் டிரானெக்சாமிக் அமிலத்தை லேசான, நடுத்தரத் தலைக்காயத்தில் 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால் இறப்பு குறைவதை, 2019-ல் வெளியான, 29 நாடுகளில் நடந்த பெரிய ஆய்வு காட்டியது. இன்று கையில் இருக்கும் சிகிச்சைக்கு நேரம்தான் முக்கியம். கைவைத்தியம் பார்த்து அந்த நேரத்தை இழக்கக் கூடாது.

குர்குமின் மாத்திரை சாப்பிடுபவர்கள், வலிப்பு மாத்திரையோ ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையோ எடுத்தால், அட்டையையும் டப்பாவையும் சேர்த்து டாக்டரிடம் காட்டுங்கள். செறிவூட்டிய மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் பாதித்தவர்கள் பற்றி இத்தாலியிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் அறிக்கைகள் வந்துள்ளன. கண் மஞ்சளானால், சிறுநீர் அடர்ந்து போனால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அந்த விவசாயி மறுநாளே மகனை அழைத்துக்கொண்டு டாக்டரைப் பார்த்தார். டப்பா மாத்திரையை டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டதாகவும், வலிப்பு மாத்திரையின் அளவை அறிய ரத்தப் பரிசோதனை எழுதியதாகவும் போனில் சொன்னார். “மஞ்சளை நிறுத்தச் சொல்லலீங்க சார். சோத்துல போட்டுக்கலாமாமுங்க” என்றார். பிறகு, பிரகதி விதைக் கிழங்கு எங்கே கிடைக்கும் என்று கேட்டார். முதலில் அரை ஏக்கர் மட்டும் போடுங்கள் ஐயா என்று சொன்னேன்.